ஏணிக்குச் செருப்பு மாட்டியவர்

எங்கள் தெருவில் கூரை ஒழுகினால் எல்லோரும் கூப்பிடுவது இறகைத்தான். பெயரைக் கேட்டு யாரோ ஒல்லியான ஆள் வரப்போகிறார் என்று வாசலில் காத்திருப்பவர்கள், வந்து நிற்கிறவரைப் பார்த்ததும் கவலையோடு தங்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். ஆளின் வாட்டசாட்டம் அப்படி. எந்த வீட்டுக் கதவுக்குள்ளும் கொஞ்சம் ஒருக்களித்துத்தான் நுழைவார். இளவயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவர் கால் வைத்ததும் ஏணி போட்ட சத்தத்தைக் கேட்ட மேஸ்திரி, "அடேயப்பா, இறகு மாதிரி ஏறுறான் பாரு!" என்றாராம். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று. அவருடைய மனைவிக்கே அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் கூரை மேல் போய்விட்டால் மனிதர் பூனை. ஓட்டுக்கு அடியில் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்பது அவர் பாதத்துக்குத் தெரியும். அத்தனை எடையையும் சட்டத்தின் மேலேயே வைத்து நடப்பார். ஓடு ஒன்று அசையாது. உயரம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு ஆகாதது ஏணிதான்.

"கூரை நல்லவன்யா. ஏணிதான் துரோகி. கீழேயும் இல்லாம மேலேயும் இல்லாம நடுவுல நிக்க வச்சுக் கழுத்தறுக்கும்" என்பார். அதனால் ஏணியில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதற்காக வேக வேகமாக ஏறுவார். துரோகியிடம் நிதானமாக நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீட்டில்தான் அது நடந்தது. பின்முற்றத்துச் சிமெண்டுத் தரையில் பாசி. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து அந்தப் பாசி நன்றாக ஊறியிருந்தது.

"பாசி இருக்கு. பாத்து வைப்பா" என்றார் தலைமையாசிரியை.

"நாங்க பாக்காத பாசியாம்மா?" என்று ஏணியைச் சாய்த்தார் இறகு.

பாதி ஏறியிருப்பார். ஏணியின் கால் பின்பக்கமாக நழுவியது. பிடிமானத்துக்குக் கூரை ஓரத்துத் தகர வாய்க்காலைப் பற்றினார். அதுவும் அவரோடு புறப்பட்டு வந்துவிட்டது. நல்ல வேளையாக, தலைமையாசிரியை தன் பஞ்சு மெத்தையை இரண்டு நாற்காலிகளின் மேல் வெயிலில் காயப் போட்டிருந்தார். இறகின் பெரும்பகுதி மெத்தையில் விழுந்தது. வலது கால் மட்டும் வெளியே போய்விட்டது. மெத்தை கிழிந்து முற்றமெங்கும் பஞ்சு பறந்தது.

சமையலறையிலிருந்து ஓடி வந்த தலைமையாசிரியை முதலில் கத்தியது, "யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது!" அங்கே இருந்தது இறகு ஒருவர்தான். அவரால் அசைய முடியவும் இல்லை. கணுக்கால் எலும்பு உடைந்திருந்தது. ஏணி மேல் ஒரு கீறல்கூட இல்லை.

*

காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த இறகைப் படுக்க வைக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அது அவர் மனைவியின் தையல் அறை. மனைவி எங்கள் தெருவுக்கே தையல்காரி. அளவெடுக்க வரும் பெண்களுக்காகக் குறுக்கே ஒரு திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் போடப்பட்டது.

திரைக்குப் பின்னால் படுத்திருப்பவனுக்குக் காது இல்லை என்று உலகம் நினைத்துக்கொள்கிறது. வந்தவர்கள் எல்லோரும் கை வைக்கவும் கழுத்து வைக்கவும் அளவு கொடுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசினார்கள். "யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஒருத்தி. அடுத்து வந்தவளும் அதையே புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சொன்னாள். மூன்றாவதாக வந்த பெண், "அக்கா, ஏணிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தாள்.

"எல்லாருக்கும் ஏணியைப் பத்தித்தான் கவலை" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அளவு கொடுத்தவள் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

மனைவி தீர்ப்பைச் சொல்லிவிட்டிருந்தாள். "இனிமே நீங்க ஏறுற ஒரே உயரம் இந்தக் கட்டில்தான். சும்மாதானே படுத்திருக்கீங்க, இந்தச் சட்டைக்கெல்லாம் பட்டன் வச்சுக் குடுங்க."

அவரும் வைத்தார். அந்த விரல்களுக்கு நடுவில் ஊசி இருக்கிறதா விழுந்துவிட்டதா என்பதே தெரியாது. அவர் பட்டன் வைத்த பள்ளிச் சட்டைகளைப் போட்ட பிள்ளைகள் எல்லாம் ஒரு தோள் உயர்ந்து ஒரு தோள் தாழ்ந்து நடந்ததாகப் புகார் வந்தது. அந்த வேலையும் அவர் கையை விட்டுப் போயிற்று.

வேறு வேலை இல்லாமல் போனதால் யோசிக்கத் தொடங்கினார். அதுவரை, விழுந்ததற்குப் பாசியைத் திட்டினார், தொட்டியைத் திட்டினார், ஏணியைத் திட்டினார். திட்டி முடித்த பிறகு, ஏணியின் கால் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது. ஆள் நிற்கும்போது காலை அகட்டி நிற்கிறான். ஏணி மட்டும் ஏன் ஒட்டி நிற்கிறது? அப்புறம், ஏணியின் தலை ஏன் போயும் போயும் அந்த மெல்லிய தகர வாய்க்கால் மேல் சாய வேண்டும்? அதற்குப் பின்னால் கல்லு மாதிரி சுவர் இருக்கிறதே?

"ஏணியைச் சரி பண்ணிட்டு ஏறுறேன்" என்றார் ஒரு நாள் காலையில்.

"ஏணியில சரி பண்ண என்ன இருக்கு? ரெண்டு கம்பு, நடுவுல படி" என்றாள் மனைவி.

"அதான் தப்பு."

கட்டிலோடு கிடந்து மனுஷனுக்கு மூளை சூடாகிவிட்டது என்று நினைத்து அவள் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

*

தெரு முனையில் தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் மனைவியின் அண்ணன். கிரில், கேட், ஜன்னல் கம்பி எல்லாம் செய்வார். தங்கை வீட்டுக்காரர் என்ற மரியாதையில் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அந்த மரியாதைக்குள் எவ்வளவு கிண்டலை வைத்து அனுப்ப முடியுமோ அவ்வளவையும் வைத்து அனுப்புவார்.

இறகு ஊன்றுகோலோடு போய், பழைய டயரை வெட்டி ஏணியின் அடியில் மாட்ட வேண்டும் என்றதும், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஏணிக்குச் செருப்பா மாப்ளே?"

"சறுக்காம இருக்கத்தான் மச்சான். அப்படியே கீழ அகலமா ஒரு குறுக்குப் பட்டையும் போடணும்."

"செய்ங்க, செய்ங்க. அலுமினியத்துல என் வெல்டிங் ஒட்டாது, போல்ட் போட்டு முறுக்கித் தாறேன். இடது கால் செருப்பு எது, வலது கால் செருப்பு எதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

செருப்பு நன்றாகவே அமைந்தது. பாசி பிடித்த இடமாகப் பார்த்துத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ஏணி நகரவில்லை. இறகுக்கு வந்த சந்தோஷத்தில் மறுநாளே அடுத்த யோசனையோடு வந்துவிட்டார். ஏணியின் மேல்பக்கம் இரண்டு கைகள். அவை சுவரில் ஊன்றிக்கொள்ளும், வாய்க்காலைத் தொடாது. அடுத்து, தரை மேடு பள்ளமாக இருந்தால் ஒரு காலை மட்டும் நீட்ட, குழாய்க்குள் குழாய் போகிற ஒரு கால். அடுத்துதான் பெரிய யோசனை. அவருடையது இரண்டு துண்டு சேர்ந்த ஏணி. மேல் துண்டைக் கழற்றி, அதன் நுனியில் ஒரு பெரிய கொக்கியும் இரண்டு சின்னச் சக்கரமும் வைத்துவிட்டால், சக்கரத்தில் உருட்டிச் சரிவுக் கூரையின் உச்சி வரை தள்ளலாம். பிறகு புரட்டிப் போட்டால் கொக்கி உச்சியைக் கவ்விக்கொள்ளும். ஏணி கூரை மேல் படுத்திருக்கும். ஆள் ஓட்டை மிதிக்காமல், சறுக்காமல் மேலே போகலாம்.

"இது என்ன, ஏணிக்குத் தும்பிக்கையா?" என்றார் மச்சான். "ஏன் மாப்ளே, பயம் இருக்கிறவனுக்குத்தானே இவ்வளவு பாதுகாப்பு? நான் என் கொட்டகை மேல இத்தனை வருஷமா ஏறுறேன். இந்தா, அந்த மூலையில கிடக்குதே, அந்த ஓட்டை ஏணியிலதான்."

இறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் வைராக்கியம் வந்துவிட்டது. வைராக்கியம் வந்தவன் எங்கே நிறுத்துவது என்று பார்ப்பதில்லை. சாந்துச் சட்டி வைக்க ஒரு தட்டு வந்தது. சுத்தியல் மாட்ட வளையம் வந்தது. வாளி தொங்க ஒரு கை வந்தது. வெயிலுக்குக் குடை செருக ஒரு குழாய்கூட வந்தது. எல்லாம் நல்ல கனமான இரும்பு. எல்லாம் ஏணியோடு சேர்த்து முறுக்கிய போல்ட்.

மாவுக்கட்டு எடுத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. இறகு ஏணியைத் தூக்கினார். ஏணி எழுந்திருக்கவில்லை. மச்சான் ஒரு பக்கம் பிடித்தார். அப்போதும் இல்லை. கடைசியில் எதிர்வீட்டுக்காரரும் பால்காரரும் சேர்ந்து நாலு பேராகத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தெருத் திருப்பத்தில் குடைக்குழாய் மின்கம்பத்திலும், வாளிக்கை ஒரு சைக்கிளிலும், தும்பிக்கை ஒரு வீட்டு ஜன்னலிலும் மாட்டிக்கொண்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன.

"ஒரு விஷயம் ஒத்துக்கணும்" என்றார் மச்சான், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "இந்த ஏணியில இருந்து யாரும் விழ முடியாது. ஏன்னா இதை யாரும் நிமித்தி வைக்கவே முடியாது."

தெரு சிரித்த சிரிப்பில் இறகின் முகம் சிறுத்துப் போயிற்று. வீட்டுக்கு வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெஷின் நின்றது.

"இங்க பாருங்க. என் மெஷினுக்கு எத்தனை பாதம் இருக்கு தெரியுமா? ஜிப்புக்கு ஒண்ணு, பட்டன் துளைக்கு ஒண்ணு, ஓரம் மடிக்க ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாட்டிக்கிட்டா தைக்கிறேன்?"

அவர் திரும்பவில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. அவளுக்கும் அது ஒன்றும் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. மறுநாள் காலையில் எழுந்து, "அந்தப் பாதத்தை எல்லாம் எப்படிக் கழட்டி மாட்டுறே? திருகாணியா, சொருகுறதா?" என்று கேட்டார். அவள் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டு, உட்காரச் சொல்லி, காட்டினாள்.

பட்டறையில் போல்ட் எல்லாம் கழன்றது. கனத்த இரும்பெல்லாம் போய் மெல்லிய குழாய் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு கம்பி முளையைச் செருகினால் நிற்கும், உருவினால் கையோடு வரும். தட்டும் வளையமும் குடைக்குழாயும் மூலைக்குப் போயின. செருப்பு, சுவரில் ஊன்றும் கை, நீளும் கால், தும்பிக்கை, இந்த நாலு மட்டும் தங்கின. மனைவி கெட்டியான கான்வாஸ் துணியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை வைத்துப் பை தைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்: "பைதான் தச்சுக் குடுத்தேன். ஏறச் சொல்லல."

*

கால் முழுக்கத் தேறிய பிறகும் இறகு ஏணியைத் துடைப்பார், மாட்டுவார், கழற்றுவார், முதல் படியில் நின்று குதித்துப் பார்ப்பார். அதற்கு மேல் போகவில்லை. மனைவி தடுக்கிறாள் என்று வெளியே சொல்லிக்கொண்டார். மனைவி கொஞ்ச நாளாகத் தடுப்பதை நிறுத்தியிருந்தாள் என்பது வீட்டுக்குள் இருவருக்கும் தெரியும்.

அப்படியிருக்க, ஒரு மத்தியானம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. பட்டறைக் கொட்டகையின் தகரத்தில் ஒரு ஆணி கழன்று, தண்ணீர் நேராக வெல்டிங் மெஷின் மேல் கொட்டியது. மச்சான் மூலையில் கிடந்த பழைய ஏணியைக் கூரை ஓரத்துத் தகர வாய்க்கால் மேல் சாய்த்து ஏறினார். கூரைக்குப் போனதும் நனைந்த தகரத்தில் கால் வழுக்கியது. சறுக்கிக்கொண்டே வந்தவர் காலால் ஏணியையும் தட்டிவிட்டார். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்காக இருக்காது, ஆனாலும் பலன் அதேதான். பாதிச் சரிவில் நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாய் ஒன்று கையில் சிக்கியது. அதைக் கட்டிப் பிடித்தபடி குப்புறப் படுத்துக் கத்தினார்.

தெரு முழுக்கக் கூடிவிட்டது. யாரோ தீயணைப்புக்குப் போன் செய்தார்கள். பெரிய சாலையில் தண்ணீர் நிற்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்று பதில் வந்தது. புகைக்குழாயோ காற்றில் கிறீச் கிறீச் என்று ஆடத் தொடங்கியிருந்தது.

இறகின் மனைவி மேலே அண்ணனைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்தாள். "போய்ப் பையை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

எதிர்வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடிக்க, இறகு ஏணியோடு வந்தார். சேற்றுத் தரை ஒரு பக்கம் பள்ளம். நீளும் காலை மாட்டினார். செருப்பை மாட்டினார். ஊன்றும் கையை மாட்டினார். ஒவ்வொரு முளையையும் இழுத்துப் பார்த்தார். வேகமாக ஏறுகிற பழைய இறகைத் தெரிந்தவர்களுக்கு இது வேறு ஆள் மாதிரி இருந்தது.

"மாப்ளே!" என்று மேலிருந்து குரல். "கை வலிக்குது மாப்ளே!"

"வந்துட்டேன் மச்சான். செருப்பு மாட்டிக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"ஏணிக்குத்தான்."

ஏறினார். மூன்றாவது படியில் கால் உதறியது. நின்றார். ஏணி ஆடுகிறது என்று நினைத்தார். கம்பியை இறுக்கிப் பிடித்துக் கவனித்தபோதுதான் தெரிந்தது, ஏணி அசையவே இல்லை, ஆடுவது தன் தொடைதான். கீழே மனைவி அடிப்படியில் தன் ஒரு காலை ஏற்றி அழுத்தி நின்றாள். மழைத்தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது. அவர் இன்னொரு படி வைத்தார். அப்புறம் அடுத்தது.

கூரை ஓரத்துக்கு வந்ததும், கீழிருந்து எதிர்வீட்டுக்காரர் நீட்டிய மேல் துண்டை வாங்கிக் கொக்கியை மாட்டி, சக்கரத்தை உருட்டி மேலே தள்ளினார். முதல் தடவை உச்சிக்கு எட்டாமல் திரும்பி வந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதைதான். இரண்டாவது தடவை தள்ளிப் புரட்டிப் போட்டார். உச்சியில் 'டக்' என்று கவ்வியது. இழுத்துப் பார்த்தார். பிடித்திருந்தது.

ஊர்ந்து போய் மச்சானுக்குப் பக்கத்தில் படுத்தார். மச்சான் குழாயை விடவில்லை.

"குழாயை விட்டுட்டு இந்தப் படியைப் புடிங்க மச்சான்."

"தாங்குமா மாப்ளே?"

"என்னையே தாங்குது."

அந்த நிலையிலும் மச்சானுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு கையை எடுத்துப் படியைப் பிடித்தார். பிறகு மற்ற கையை. இருவரும் அப்படியே மெதுவாக இறங்க ஆரம்பித்தார்கள்.

"மச்சான், இந்தக் கொக்கிக்கு அன்னைக்கு ஒரு பேரு வச்சீங்களே, என்ன அது?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"சும்மா கேட்டேன். மறந்துபோச்சு."

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு, "தும்பிக்கை" என்றார்.

தரையில் கால் வைத்ததும் மச்சான் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அண்ணனை நன்றாகத் திட்டித் தீர்த்தாள். இறகு ஏணியின் அருகில் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

*

அதற்குப் பிறகு மச்சானின் பேச்சு மாறியது. பட்டறைக்கு வருகிறவர்களிடம் முதலில், "எங்க மாப்பிள்ளை கண்டுபிடிச்சது" என்றார். கொஞ்ச நாளில் அது "நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து யோசிச்சது" ஆயிற்று. இப்போது கேட்டால், "யோசனை நம்மளது, மாப்பிள்ளை ஏறிப் பாத்தாரு" என்கிறார். இறகு திருத்துவதில்லை. கூரைமேல் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட திருப்தி அவருக்கு.

வெள்ளோட்டத்தன்று விழுந்து விழுந்து சிரித்த மற்ற கூரைக்காரர்கள் ஒவ்வொருவராக, "இந்தப் பக்கமா வந்தேன், சும்மா பாக்கலாம்னு" என்று பட்டறைக்கு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் செருப்போடு போனார்கள். இரவல் கேட்பவர்களுக்கும் இறகு ஏணியைக் கொடுப்பார். ஆனால் வாங்க வந்தவர் அடிப்படியில் நின்று மூன்று முறை குதித்துக் காட்டாமல் விட மாட்டார். வயதான ஒரு கொத்தனார் அதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டு, சாயங்காலம் வந்து குதித்துவிட்டு வாங்கிப் போனார்.

தலைமையாசிரியையை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. "என்கிட்ட இருந்தது ஒரே ஒரு மெத்தை" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டு, பாசியை இறகையே தேய்த்துக் கழுவச் சொல்லி, அப்புறம்தான் ஏற விட்டார். வேலை முடியும் வரை பரீட்சை மேற்பார்வை பார்ப்பது போலக் கீழே நின்றார். இறங்கி வந்ததும், "பரவாயில்லை, தேறிட்டே" என்றார். இறகு அதை வீட்டில் நாலு தடவை சொன்னார்.

போன மாதம் ஒரு நாள், ஏணி தேவைப்படாத ஒரு வேலையை முடித்துக்கொண்டு இறகு திரும்பியபோது மெஷின் சத்தம் கேட்கவில்லை. வீட்டுச் சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. செருப்பு இருந்தது, ஊன்றும் கை இருந்தது, முளைகள் சரியாகச் செருகியிருந்தன. அண்ணாந்து பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மனைவி கூரை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏய்! அங்க என்ன பண்றே? இறங்கு முதல்ல!"

"நல்லாத்தாங்க இருக்கு. ஆத்துப் பாலம் வரைக்கும் தெரியுது. இவ்வளவு வருஷமா தனியாவே பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"காத்தடிக்குது. இறங்குங்கறேன்ல!"

"இறங்குறேன், இறங்குறேன். கத்தாதீங்க, பயமா இருக்கு."

அவர் ஓடிப் போய் அடிப்படியில் காலை வைத்து, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் செய்த ஏணிதான். நகராது என்று தெருவுக்கெல்லாம் அடித்துச் சொன்ன ஏணிதான். அவள் பாதம் முதல் படியைத் தேடித் துழாவியபோது அவர் ஏணியை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கீழே நிற்பது இப்படி இருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவள் மேலே இருந்தாள்.

"இடது காலை இன்னும் கீழ. இன்னும். ஆங், அதான். மெதுவா, மெதுவா."

"நீங்க மெதுவாவா ஏறுவீங்க?"

"நான் வேற."

பாதி வழியில் அவள் நின்றாள்.

"என்னாச்சு? தலை சுத்துதா?"

"அதெல்லாம் இல்ல. நம்ம வீட்டுக் கூரையில ரெண்டு ஓடு உடைஞ்சிருக்குங்க. ஊர்க்கூரை எல்லாம் பாக்குறீங்க, அதை எப்பப் பாக்கப் போறீங்க?"

இறகு ஏணியை விடாமல் அண்ணாந்து பார்த்து, "நீ முதல்ல இறங்கி வாம்மா" என்றார்.